இருபது எண்ணும் வரை

மார்ச் மாதம். ஏசி நின்ற மத்தியானம்
மேசைமேல் சீசாவுக்குள் காலியம்
தானாக உருகிப்போயிற்று.
முப்பது பாகையை இந்த ஊர்
சும்மா மூச்சு விட்டே தொட்டுவிடும்.

லலந்த சிரித்தார்.
'காலியம் எண்டா, மிஸ், காலிக்குப் போற சாமானா?'
சன்னலுக்கு வெளியே, சொல்லிவைத்தாற்போல்,
காலி ரயில்
பம்பலப்பிட்டிக் கடலை உரசிக்கொண்டு போயிற்று.
தரை நடுங்க, திரையில் பச்சைப் புள்ளிகளும் நடுங்கின.
இனி இரவில்தான் வளர்ப்பது என்று
அன்றைக்கே எழுதிக் கதவில் ஒட்டினோம்.

கடைசி ரயில் போனபின் தொடங்குகிறோம்.
வெற்றிடக் கலத்துக்குள் மூன்று உலைகள்,
மூன்று மூடிகள்,
நடுவில் நகக்கண் அளவில் ஒரு தகடு.
குளிர்நீர்ப் பம்பு பஞ்சிகாவத்தையில்
ஏதோ ஒரு லொறியின் நெஞ்சிலிருந்து கழற்றியது;
அது இருமினால் இருவரும் திரும்பிப் பார்ப்போம்.

ஒளி மங்கினால் அடுக்கு பாதி.
ஒளி ஏறினால் அடுக்கு முழுசு.
மங்கி ஏறி, மங்கி ஏறி,
செக்கனுக்கு ஓர் அணு உயரம்.
உச்சியில் மூட வேண்டும். உச்சி தவறினால்
பாதி வேய்ந்த கூரையின் மேல்
அடுத்த மாடியை எழுப்புகிறோம் என்று பொருள்.

மூடியபின் இருபது எண்ணுவேன்.
அதற்குள்
விளிம்பில் தொங்கும் அணுக்கள் அலைந்து திரிந்து
குழி பார்த்துப் போய் அமரும்.
பத்தில் நிறுத்தினால் கரடு.
ஐம்பதுக்குப் போனால்
கலத்தில் மிச்சமிருக்கும் அழுக்கு வந்து குந்தும்.

நில், பொறு, இனிப் போ.
பத்து வயதில் பஸ்ஸிலிருந்து இறங்கி
அடையாள அட்டைகளின் வரிசையில் நடந்து
மறுபக்கம் ஏறிய காலை ஒன்று
எண்ணிக்கையின் நடுவே வந்துவிடுகிறது,
பன்னிரண்டில், அல்லது பதின்மூன்றில்.
வேண்டாம், போ என்கிறேன். அணுவுக்கு அட்டை இல்லை.
எண்ணிக்கை பிசகிவிட்டது.
லலந்த கடிகாரத்தைக் காட்டுகிறார்: பதினேழு.

தொல்லை தருவது இந்தியம்.
(பெயரைச் சொன்னாலே லலந்த புருவத்தை உயர்த்துவார்.)
மூடியைச் சாத்திய பிறகும்
போட்ட அடுக்கில் அது இருக்காது.
மேலே விழும் காலியத்தோடு இடம் மாற்றிக்கொண்டு
தளம் தளமாய் ஏறிவரும்,
படிக்குப் படி தன்னில் கொஞ்சத்தை
விட்டுவிட்டு.

மூன்று மாதம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து
குறுக்குவெட்டுப் படம் வந்தது.
மணி மணியாய் அணுக்கள்,
இருட்டுக்கு நடுவே எட்டு வெளிச்சப் பட்டைகள்.
லலந்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
'கோடு எங்க, மிஸ்?'

விரலை வைத்தேன். எடுத்தேன்.
கொஞ்சம் மேலே வைத்தேன்.
பட்டை தொடங்குமிடம் ஓரளவு தெரிகிறது.
முடியுமிடம்
ஆறேழு அடுக்குக்குக் கரைந்துகொண்டே போகிறது.
அறிக்கையில் நான் எழுதிய சொல் இடைமுகம்.
முகம் என்றால் ஒரு மூக்காவது
இருக்க வேண்டாமா?

இன்றிரவு மறுபடி.
தகட்டின் சூட்டை ஐம்பது பாகை குறைக்கிறோம்.
பட்டை தொடங்குமுன்பே
இந்தியத்தை ஓர் அடுக்குக்கும் குறைவாகத் தூவிவிடுகிறோம்,
மிதக்கத் துடிப்பதற்கு
மிதக்க வேண்டியதை முதலே கொடுத்து.
சரிவருமா தெரியாது. லலந்த பம்பின் மேல்
கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்,
காய்ச்சல் பார்ப்பது போல.

நேற்றும் ஏசி நின்றது. காலையில்தான் வந்தது.
இப்போது அறை இருபத்திரண்டு பாகை,
நான் ஸ்வெட்டருக்குள்.
எண்ணுவதற்கு முன் சீசாவைச் சரித்துப் பார்க்கிறேன்:
இவ்வளவு குளிரிலும் காலியம் இன்னும் உறையவில்லை.
கண்ணாடிச் சுவரில் வழிந்து
என் முகத்தை
நீட்டி, அகட்டி, எங்கோ ஓரிடத்தில்
விட்டுவிடுகிறது.